அம்மாவுக்கு வீடியோ கால்: முதலில் எடுக்கட்டும், கூப்பிடுவது அப்புறம்

அம்மா முதன்முதலாக வாட்ஸ்அப் வீடியோ காலை எடுத்தபோது, நியூஜெர்சியில் இருந்த அண்ணனுக்குத் தெரிந்தது ஒரு காதும் கம்மலும்தான். "காதுல வைக்காதம்மா, மூஞ்சிக்கு நேரா வை" என்று அவன் கத்த, அம்பாசமுத்திரத்திலிருந்து பதில் போனது: "நல்லாத்தான் கேக்கு, எதுக்குல கத்துத?"

தப்பு என்னுடையது. பொங்கல் லீவில் ஒரே மத்தியானத்தில் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிட்டு சென்னைக்கு பஸ் ஏறிவிட்டேன். அடுத்த முறை வேறு மாதிரி செய்தோம், அதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். எங்களிடம் இருப்பது ஆண்ட்ராய்டு போன்.

முதலில் போனைத் தயார் செய்யுங்கள்

இதற்கு அரை மணி நேரம் ஆகும். அவர்களை உட்காரவைத்துக்கொண்டு செய்யாதீர்கள், நாம் தட்டுகிற வேகத்தைப் பார்த்தே பயந்துவிடுவார்கள்.

செட்டிங்ஸில் டிஸ்ப்ளேக்குள் போய் எழுத்தைப் பெரிதாக்குங்கள். ஒன்றிரண்டு படி போதும், அதற்கு மேல் போனால் பட்டன்கள் திரையைவிட்டு இறங்கிவிடும். அடுத்து, வாட்ஸ்அப்புக்கான பேட்டரி அமைப்பை 'அன்ரெஸ்ட்ரிக்டெட்' என்று மாற்றுங்கள். பல போன்கள் பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று வாட்ஸ்அப்பைத் தூங்கவைத்துவிடும், கால் வந்தாலும் மணி அடிக்காது. "நான் கூப்பிட்டா எடுக்கவே மாட்டேங்கிறாங்க" என்ற சண்டையில் பாதி இதனால்தான்.

மேலிருந்து இழுத்தால் வரும் பலகையில் ஏரோப்ளேன் படம் இருந்தால், பென்சில் குறியைத் தொட்டு அதை எடுத்துவிடுங்கள். கை பட்டு அது ஆன் ஆகிவிட்டால் போன் ஊமையாகிவிடும், ஏன் என்று அவர்களுக்குத் தெரியாது.

இன்னொன்றை யாரும் சொல்வதில்லை. அம்மா எந்தப் பட்டனையும் காலிங் பெல் மாதிரி அழுத்திப் பிடிப்பார். போன் அதை 'லாங் பிரஸ்' என்று எடுத்துக்கொண்டு வேறெதையோ திறக்கும். அக்செஸிபிலிட்டிக்குள் 'டச் அண்ட் ஹோல்ட் டிலே' என்று இருக்கும், அதை 'லாங்' ஆக்குங்கள். எங்கள் வீட்டில் பாதிப் பிரச்சினை அன்றைக்கே தீர்ந்தது.

போனைத் தமிழுக்கு மாற்றலாமா என்று கேட்பீர்கள். மாற்றிப் பார்த்தேன், எனக்குத்தான் வழி தெரியாமல் போயிற்று. அம்மா படத்தைப் பார்த்துத்தான் தொடுகிறார், எந்த மொழியாக இருந்தாலும் அவருக்கு ஒன்றுதான்.

முதல் வாரம்: எடுப்பது மட்டும்

கூப்பிடுவதற்கு மூன்று நான்கு அசைவு வேண்டும், எடுப்பதற்கு ஒன்றே போதும். அதனால் எடுப்பதில் ஆரம்பியுங்கள்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. போன் பூட்டியிருக்கும்போது கால் வந்தால் பச்சை வட்டத்தை மேலே தள்ள வேண்டும். போனில் வேறு ஏதாவது பார்த்துக்கொண்டிருக்கும்போது வந்தால் மேலே ஒரு பட்டை வரும், அதில் தொட்டால் போதும். ஒரே வேலைக்கு இரண்டு முகம். அதனால் முதல் வாரம் பூட்டிய போனில் மட்டும் பழக்குங்கள். பக்கத்து அறைக்குப் போய் நீங்களே கூப்பிடுங்கள், ஒரு நாளைக்குப் பத்து தடவை. எத்தனை தடவை தவறினாலும் போனைக் கையிலிருந்து பிடுங்காதீர்கள். எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள், அப்போதுதான் இருவருக்கும் மேல் கீழ் ஒன்றாக இருக்கும்.

தள்ளியும் நகரவில்லையா? விரலைப் பாருங்கள். தொடுதிரைக்கு அழுத்தம் கணக்கே இல்லை, விரல் மின்சாரம் கடத்துகிறதா என்பதுதான் கணக்கு. வயதானவர்களின் விரல்நுனி வறண்டிருக்கும். ஈரத்துணியில் ஒரு தடவை துடைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பேசும்போது போனைக் கையில் பிடித்தால் ஐந்து நிமிடத்தில் கை தளர்ந்து, அண்ணன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பான். மேஜையில் ஒரு சொம்பின் மேல் சாய்த்துவையுங்கள். ஜன்னல் முகத்துக்கு எதிரே இருக்கட்டும், முதுகுக்குப் பின்னால் இருந்தால் ஆள் கறுப்பாகத் தெரிவார். கேமராவைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டால் படம் தெளியும்.

அப்புறம் கூப்பிடுவது

அண்ணனின் சாட்டைத் திறந்து, மூன்று புள்ளியைத் தொட்டு, 'மோர்' உள்ளே 'ஆட் ஷார்ட்கட்' கொடுங்கள். அவன் முகம் ஹோம் ஸ்கிரீனில் வந்து உட்காரும். முகத்தைத் தொட்டால் சாட் திறக்கும், பிறகு மேலே இருக்கும் கேமரா படத்தைத் தொட வேண்டும். சில போன்களில் முதலில் கால் படத்தைத் தொட்டால்தான் வீடியோ என்ற தேர்வு விரியும். உங்கள் போனில் எப்படித் தெரிகிறதோ அப்படியே ஒரு நோட்டில் படம் போட்டு, அவர்கள் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். நாம் எழுதிக்கொடுத்த காகிதம் அலமாரியில்தான் கிடக்கும்.

பிள்ளைகள் துபாயிலோ ஷார்ஜாவிலோ இருந்தால் வாட்ஸ்அப் கால் வேலைக்கு ஆகாது, அங்கே அதற்குத் தடை. போட்டிம் போன்ற செயலியைப் போட்டுக்கொடுங்கள்.

போலீஸ் வேஷம்

வாட்ஸ்அப் பிரைவசியில் 'கால்ஸ்' உள்ளே 'சைலன்ஸ் அன்நோன் காலர்ஸ்' ஆன் செய்யுங்கள். வீடியோ காலில் காக்கிச் சட்டையோடு ஒருவன் வந்து 'டிஜிட்டல் அரெஸ்ட்', அதாவது வீடியோ காலிலேயே கைது, என்றால் கட் செய்துவிடச் சொல்லுங்கள். அப்படி ஒரு கைது நம் சட்டத்திலேயே கிடையாது. யாராவது 'ஸ்கிரீன் ஷேர்' செய்யச் சொன்னாலும், அதாவது நம் போன் திரையை அவர்களுக்குக் காட்டச் சொன்னாலும், கட். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் பேச வேண்டும். இந்த எண்ணையும் நோட்டில் எழுதவையுங்கள்.

நேரத்தையும் அதில் சேர்த்துவிடுங்கள். அம்மா எழுதியது: "காலை 7 மணி. அவனுக்கு முந்தின ராத்திரி ஒன்பதரை." நவம்பர் முதல் ஞாயிறன்று அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பார்கள், மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை அப்படித்தான். இதைச் சொல்ல நான் மறந்துவிட்டேன். போன டிசம்பரில் ஊருக்குப் போய்ப் பார்த்தால், ஒன்பதரையை அடித்து எட்டரை என்று எழுதியிருந்தார். "இப்பல்லாம் பேரன் தூங்காம இருக்கான், அதான் கேட்டேன்" என்றார்.