எரிந்த வீட்டில் எலும்பு தேடுவது எப்படி: சாடர் வீட்டில் நடந்த பிழைகள்

1945 கிறிஸ்துமஸ் அதிகாலை, அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் ஃபயட்வில் ஊருக்குப் பக்கத்தில் சாடர் குடும்பத்தின் வீடு தீப்பிடித்து, முக்கால் மணி நேரத்தில் நிலவறைக்குள் சரிந்தது. தீயணைப்பு வண்டி காலை எட்டு மணிவாக்கில்தான் வந்தது. மாடியில் படுத்திருந்த, 5 முதல் 14 வயது வரையிலான ஐந்து பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்பது இன்றுவரை தெரியாது. அன்று சாம்பலை மேலோட்டமாகக் கிளறிவிட்டு, உடல்கள் முழுக்க எரிந்துபோயின என்றார்கள்.

அந்தப் பேச்சை முதலில் ஒதுக்குங்கள். தகன உலையில் 800 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஒன்றிரண்டு மணி நேரம் வெந்த பிறகும் எலும்பு மிஞ்சும். காடாற்றப் போய் எலும்பு பொறுக்கியவர்களுக்கு இது தெரியும்.

இடம் தானாக ஆறட்டும். வெந்த எலும்பின் மேல் தண்ணீரைப் பீய்ச்சினால் நொறுங்கிவிடும். தப்பியவர்களிடம் கேட்டு, யார் கட்டில் எங்கே இருந்தது என்று வரைபடம் போடுங்கள். மாடி சரிந்திருந்தால் கட்டில் ஸ்பிரிங்தான் அடையாளம். அதன் அடியிலும் சுற்றிலும் முதலில் தேடுங்கள். கயிறு கட்டி ஒரு மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு வாளி வைத்து எண் எழுதுங்கள். கரண்டியும் தூரிகையும் போதும், மண்வெட்டி வேண்டாம். கூரை, உத்தரம், படுக்கை என்று விழுந்த அடுக்குகளை மேலிருந்து ஒவ்வொன்றாக, படம் எடுத்தபடி நீக்குங்கள்.

சாம்பலை 6 மில்லிமீட்டர் சல்லடையிலும் பிறகு 3 மில்லிமீட்டரிலும் சலியுங்கள். இரண்டாவதைத் தவிர்க்கவே கூடாது. சிறு பிள்ளைகளின் எலும்பு முனைகள் ஒட்டியிருக்காது, தனித்தனியாக உதிரும். தாடைக்குள் முளைக்காமல் இருக்கும் பற்கள் தீயிலிருந்து ஓரளவு தப்பும். ஆனால் அவை மிகச் சிறியவை.

எலும்பு முதலில் கருக்கும், பிறகு சாம்பல் நிறமாகும், கடைசியில் சுண்ணாம்பாய் வெளுக்கும். வெளுத்த துண்டைச் சுவர்ப்பூச்சு என்று தள்ளிவிடுவதே பெரிய இழப்பு. உருப்பெருக்கியில் துண்டின் உடைந்த பக்கத்தைப் பாருங்கள்: எலும்பில் ஸ்பஞ்சுபோல் நுண்துளை தெரியும், பூச்சில் மணல்தான் தெரியும். பஞ்சு சுற்றிக் கெட்டியான பெட்டியில் வையுங்கள். டிஎன்ஏ வேண்டுமென்றால் கருத்த துண்டும் பல்லும் முக்கியம். வெளுத்ததில் பெரும்பாலும் கிடைக்காது.

சாடர் வீட்டில் திரும்பப் பெற முடியாத பிழை சில நாட்களில் நடந்தது. இடத்தை அப்படியே விடச் சொல்லியிருந்தும், அந்தக் காட்சியைத் தாங்க முடியாத தந்தை புல்டோசரால் ஐந்தடி மண்ணைக் கொட்டி மூடினார். 1949இல் தோண்டியபோது சில முதுகெலும்புகள் கிடைத்தன. ஸ்மித்சோனியன் என்ற அமெரிக்க அருங்காட்சியக, ஆய்வு நிறுவனத்தின் நிபுணர் பார்த்துவிட்டு, அவை ஒரே ஆளுடையவை, வயது 16, 17 இருக்கலாம், தீயே படவில்லை என்றார். கொட்டிய மண்ணோடு வந்திருக்கலாம் என்பதே அவர் கணிப்பு. அவ்வளவு குறைந்த நேரமே எரிந்த வீட்டில் ஐந்து பேரின் முழு எலும்புக்கூடுகளை எதிர்பார்க்கலாம் என்றும் எழுதினார்.

ஆகவே தேடி முடிக்காமல் மூடாதீர்கள். மூடித்தான் ஆக வேண்டுமென்றால் முதலில் தார்ப்பாய் விரியுங்கள். மண் எங்கிருந்து வந்தது என்று எழுதி, அதில் ஒரு வாளியைத் தனியே எடுத்து வையுங்கள்.