சிதையும் பழங்கட்டடங்களைப் படமெடுப்பது எப்படி? தொடங்குவோருக்கான செய்முறை

பாழடைந்த கட்டடம் எப்படிக் கட்டப்பட்டது என்பது கண்ணுக்குப் புலப்படத் தொடங்கும் இடத்தில்தான் அதன் அழகு இருக்கிறது. இங்கே சொல்லும் படிகள் எல்லாம் அதைப் படத்தில் பதிவதற்கானவை.

முதற்படியாக, தெருவிலிருந்தே எடுக்கக்கூடியவற்றில் பழகுங்கள். மதுரையில் திருமலை நாயக்கர் மகாலுக்கு அருகே, கடைகளுக்கு நடுவில் நிற்கும் பத்துத்தூண், 17ஆம் நூற்றாண்டு அரண்மனையின் எச்சம். மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே உள்ள புது மண்டபத்துக்குக் கிழக்கே ராய கோபுரம் முற்றுப்பெறாமலே நிற்கிறது. கடைகள் திறக்குமுன், இளவெயில் பக்கவாட்டில் விழும்போது எடுத்தால் கல்லின் உளித்தடம்கூடத் தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும்.

அடுத்தது அனுமதி. காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகள் பூட்டிக் கிடந்தாலும் உரிமையாளர் இல்லாதவை அல்ல. ஒரே வீட்டுக்குப் பங்காளிகள் பலர் இருப்பார்கள். காவலாளியிடமாவது கேட்காமல் உள்ளே நுழையாதீர்கள். துணையின்றிப் போகவேண்டாம்; உளுத்த மரத்தளத்தின் மேல் எக்காரணம் கொண்டும் ஏறவேண்டாம்.

உள்ளே சென்றதும் ஃபிளாஷை அணைத்துவிட்டு, கேமராவை டிரைபாடில் நிறுத்தி, ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) 100, அபெர்ச்சர் (லென்ஸ் திறப்பின் அளவு) எஃப் 8 என்று வைத்து, இரண்டு விநாடி டைமரில் எடுங்கள். ஷட்டர் ஒரு விநாடிக்கு மேல் திறந்திருந்தாலும் கவலையில்லை, சுவர் அசையப்போவதில்லை. கைபேசி என்றால் திண்ணையிலோ படியிலோ சாய்த்து வைத்தால் போதும்.

வீட்டின் நடுவே முற்றமும் தாழ்வாரமும் சேர்ந்த வளவில் வானம் திறந்திருப்பதால் முற்றம் பளிச்சென்றும் சுற்றுத் தாழ்வாரம் இருண்டும் இருக்கும். ஒரே படத்தில் இரண்டும் அடங்காது. ஆகவே கேமராவை அசைக்காமல் ஒளியளவை இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது ஒளியை இரட்டிப்பது அல்லது பாதியாக்குவது) குறைத்து ஒன்று, இயல்பாக ஒன்று, இரண்டு ஸ்டாப் கூட்டி ஒன்று என மூன்று எடுத்துப் பின்னர் படத்திருத்தச் செயலியில் ஒரே படமாக இணையுங்கள்.

இனி நெருங்கிச் செல்லுங்கள். நேரத்தில் பெரும்பகுதியை இதற்கே ஒதுக்கவேண்டும் என்பது என் கருத்து. பூச்சு உதிர்ந்த சுவரின் விளிம்பைப் பாருங்கள்: உள்ளே செங்கல், அதன்மேல் மணலும் சுண்ணாம்பும் கலந்த கரடான காரை, அதற்கும் மேல் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த, இன்றும் கண்ணாடிபோல் மினுங்கும் வெண்பூச்சு. மூன்று அடுக்கும் ஒரே ஃபிரேமில் தெரியும்படி, ஒளி வரும் திசைக்குப் பக்கவாட்டில் நின்று எடுங்கள். அரசமர வேர் சுவரைப் பிளந்திருந்தால் வேரை மட்டும் எடுக்காமல், மழைநீர் இறங்கிய விரிசலையும் சேர்த்தே எடுங்கள். சிதைவின் காரணம் படத்திலேயே இருக்கும். படத்துக்காக எதையும் நகர்த்தவோ, வேரை வெட்டவோ கூடாது.

திருத்தும்போது நிறத்தை மிகைப்படுத்தாதீர்கள். சுண்ணாம்பின் இளமஞ்சள் சாய்ந்த வெண்மை நீலமாக மாறியிருந்தால் வெண்மையை வெண்மையாகக் காட்டும் அமைப்பான வொயிட் பேலன்ஸைச் சரிசெய்யுங்கள். வெளியிடுகையில், பூட்டிக் கிடக்கும் வீடாயின் ஊர்ப்பெயரோடு நிறுத்திக்கொண்டு, கைபேசி தானாகப் பதியும் இருப்பிடத் தகவலை நீக்கிவிடுங்கள். நிலைக்கதவுகளும் தேக்குத் தூண்களும் கழற்றி விற்கப்படும் இக்காலத்தில், நம் படம் திருடனுக்கு வழிகாட்டிவிடக் கூடாது.