காலைப் பொரியல், மாலை மஃபின்

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக் கழற்றும் முன்பே "பசிக்குது" என்ற குரல் கேட்கும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருக்கும். பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக் கொடுப்பதைவிட, காலையில் மீந்த பொரியலை வைத்தே சூடாக ஒரு பலகாரம் செய்துவிடலாம் என்பதற்காகத்தான் இந்தக் கார மஃபின். அரைக்க வேண்டாம், புளிக்க வைக்க வேண்டாம், பிசையவும் வேண்டாம். இதுவரை ஓவனைத் தொட்டதே இல்லை என்பவர்களும் இதிலிருந்து தொடங்கலாம்.

எந்த மீதி சரிவரும்?

ஈரம் குறைந்த எதுவும் சரிவரும். பீன்ஸ், கேரட், முட்டைக்கோஸ் பொரியல், உருளைக்கிழங்கு வறுவல், பூரிக்குச் செய்த கெட்டியான கிழங்கு எல்லாமே நன்றாக வரும். கூட்டு, குழம்பில் கிடந்த காய் இவற்றை அப்படியே போட்டால் தண்ணீர் விட்டு, மஃபினின் நடுப்பகுதி வேகாமல் களியாக நின்றுவிடும். கூட்டுதான் இருக்கிறது என்றால் வாணலியில் போட்டு ஈரம் வற்றும்வரை கிளறி ஆறவிடுங்கள். பீட்ரூட் மாவையே சிவப்பாக்கிவிடும். அந்த நிறத்துக்காகவே கேட்டு வாங்கித் தின்னும் குழந்தைகளும் உண்டு. பாகற்காயை மட்டும் பெரியவர்களுக்கு வைத்துவிடுங்கள்.

ஒன்றில் கண்டிப்பாக இருங்கள். மீந்ததைச் சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் மூடி ஃபிரிட்ஜில் வைத்திருக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் தேங்காய் போட்ட பொரியல் மதியத்துக்குள்ளேயே ஊசிப்போகும். நாள் முழுக்க மேடைமேல் கிடந்ததை ஓவன் சூடு சரிசெய்துவிடாது. சில கிருமிகள் உண்டாக்கும் நஞ்சு சமைக்கும் சூட்டில் அழியாது. சந்தேகம் வந்தால் கொட்டிவிடுங்கள்.

தேவையானவை (8 மஃபினுக்கு)

கோதுமை மாவு 1 கப் (சுமார் 130 கிராம்)
பேக்கிங் பவுடர் 1 தேக்கரண்டி
ஆப்பசோடா கால் தேக்கரண்டி
கெட்டித் தயிர் அரை கப்
எண்ணெய் கால் கப்
முட்டை 1
பால் 2 முதல் 4 மேசைக்கரண்டி
மீந்த பொரியல் 1 கப்
உப்பு கால் தேக்கரண்டி, மிளகுத்தூள் அரை தேக்கரண்டி
கொஞ்சம் கறிவேப்பிலை, துருவிய சீஸ் இருந்தால் ஒரு கைப்பிடி

முட்டை சேர்க்காத வீடு என்றால் தயிரை முக்கால் கப் ஆக்கிக்கொள்ளுங்கள். உப்பைக் கூட்ட வேண்டாம். பொரியலிலும் சீஸிலும் ஏற்கெனவே இருக்கிறது.

1. ஓவனை முதலில் போடுங்கள். மாவு கலக்கும் முன்பே 180 டிகிரி செல்சியஸில், மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டையும் போட்டு 10 நிமிடம் சூடாக விடுங்கள். மைக்ரோவேவ் அடுப்பு என்றால் கன்வெக்‌ஷன் வசதி (விசிறியால் சூடான காற்றைச் சுழலவிடுவது) இருந்தால்தான் பேக் ஆகும். மஃபின் ட்ரேயின் குழிகளில் எண்ணெய் தடவி வையுங்கள். ட்ரே இல்லாவிட்டால் சின்ன எவர்சில்வர் கிண்ணங்கள் போதும்.

2. உலர்ந்தவை தனி, ஈரமானவை தனி. மாவு, பேக்கிங் பவுடர், ஆப்பசோடா, உப்பு, மிளகுத்தூள் ஐந்தையும் ஒன்றாகச் சலித்துக்கொள்ளுங்கள். சோடா ஒரே இடத்தில் கட்டியாக நின்றால் அந்தக் கடியில் மட்டும் கசக்கும். இன்னொரு பாத்திரத்தில் தயிர், எண்ணெய், முட்டை, 2 மேசைக்கரண்டி பால் ஆகியவற்றை அடித்துக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பொரியலின் குளிர்ச்சி போகட்டும். நீளமான பீன்ஸ் துண்டுகளைக் கரண்டியால் நசுக்கிவிடுங்கள்.

3. கலக்குங்கள், அடிக்காதீர்கள். மஃபின் நன்றாக வருவதும் வராததும் இந்த இடத்தில்தான். ஈரமானதை மாவில் ஊற்றி, கரண்டியால் அடியிலிருந்து மேலே புரட்டிப் புரட்டிக் கலந்துகொண்டே வாருங்கள். உலர்ந்த மாவு கண்ணில் படாத நொடியில் நிறுத்திவிடுங்கள். சின்னச் சின்னக் கட்டிகள் இருந்தால் இருக்கட்டும், வேகும்போது கரைந்துவிடும். நைசாக வரட்டும் என்று அடித்துக்கொண்டே இருந்தால் கோதுமையின் பசைத்தன்மை கூடி, மஃபின் ரப்பர் போல இழுக்கும். பிறகு பொரியல், கறிவேப்பிலை, பாதி சீஸ் போட்டு நாலைந்து புரட்டு. கரண்டியைச் சாய்த்தால் மாவு தானாக ஓடக்கூடாது, தட்டினால் பொத்தென்று விழ வேண்டும். இறுகிப்போனால் மிச்சப் பாலைச் சேருங்கள்.

மாவின் மேல் குமிழிகள் கிளம்புவதைப் பார்ப்பீர்கள். தயிரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்து காற்றை உண்டாக்க ஆரம்பித்துவிட்டன. அந்தக் காற்றுதான் மஃபினை உப்ப வைக்கும். மாவைக் கலந்து வைத்துவிட்டுப் போன் பேசப் போனால் அது வெளியேறிவிடும். உடனே ட்ரேயில் ஊற்றுங்கள்.

4. பேக் செய்யுங்கள். குழியில் முக்கால் அளவு மாவு, மேலே மிச்ச சீஸ். நடுத் தட்டில் வைத்து 20 முதல் 25 நிமிடம். முதல் 15 நிமிடம் கதவைத் திறக்காதீர்கள். குளிர்ந்த காற்று பட்டால் அமுங்கிவிடும். சின்ன ஓடிஜியில் (மேடைமேல் வைக்கும் மின்சார ஓவன்) மேல் கம்பி நெருக்கமாக இருப்பதால் மேல்புறம் சீக்கிரம் கருகப் பார்க்கும். 15 நிமிடம் கழித்து அலுமினியத் தாள் ஒன்றை மேலே போட்டால் போதும். ஓரம் ட்ரேயை விட்டு விலகியிருக்க வேண்டும், நடுவில் குத்திய பல்குச்சியில் மாவு ஒட்டக்கூடாது (உருகிய சீஸ் ஒட்டினால் பரவாயில்லை). வெளியே எடுத்து 5 நிமிடத்தில் ட்ரேயிலிருந்து கழற்றிவிடுங்கள். அதிலேயே விட்டால் ஆவி அடியில் தங்கி ஈரமாகிவிடும்.

ஓவன் இல்லையா?

அடிகனமான வாணலியில் ஒரு ஸ்டாண்டை வைத்து, மூடி, மிதமான தீயில் 10 நிமிடம் சூடாக்குங்கள். கிண்ணங்களை உள்ளே வைத்து, மூடி, சிறு தீயில் 30 நிமிடம். மேல்புறம் சிவக்காது, வேகும், உப்பும். அதைவிடச் சுலபம் குழிப்பணியாரக் கல். இதே மாவை ஊற்றித் திருப்பிப் போட்டால் இரண்டு பக்கமும் பொன்னிறமாக வரும்.

சப்பாத்தியும் மீந்திருந்தால்

மாவே கலக்க வேண்டாம். சப்பாத்தியைத் தோசைக்கல்லில் லேசாகச் சூடாக்கினால் உடையாமல் வளையும். டம்ளரைவிடப் பெரிய வட்டமாக வெட்டி, எண்ணெய் தடவி, குழிக்குள் கிண்ணம் போல அழுத்துங்கள். உள்ளே பொரியல், மேலே சீஸ். 180 டிகிரியில் 10, 12 நிமிடத்தில் ஓரம் மொறுமொறுவென்று ஆகிவிடும். இதைச் சூடாகவே கொடுத்துவிட வேண்டும், ஆறினால் விறைத்துப்போகும்.

மஃபினை மறுநாள் டிபன் பாக்ஸுக்கும் வைக்கலாம். முழுக்க ஆறிய பிறகு மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்து, காலையில் 150 டிகிரியில் 6 நிமிடம் சூடாக்குங்கள். மீந்த பொரியலில் செய்தது என்பதால் அந்த ஒரு நாளோடு தீர்த்துவிடுங்கள்.