பேரூராட்சிக்கு மனு கொடுப்பது எப்படி? (நான் வீணடித்த மாதங்களின் கதையோடு)

இது 2024 செப்டம்பரில் எழுதிய பதிவு. பின்னூட்டங்களில் வந்த கேள்விகளுக்காகப் பிறகு சில இடங்களில் சேர்த்திருக்கிறேன்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு வாய்க்கால் போகிறது. அதன் கரையில் வேப்பமரம், மரத்தடியில் பாதி ஊரின் குப்பை. கோழிக்கடைக் கழிவு, தேங்காய் மட்டை, பிளாஸ்டிக் பை, குழந்தைகளின் டயப்பர் என்று எல்லாம் அங்கேதான் விழும். வாரத்துக்கு மூன்று நாளாவது யாராவது தீ வைப்பார்கள். அம்மாவுக்கு இளைப்பு உண்டு என்பதால் சாயங்காலம் ஆனால் ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருப்போம். மழை வந்தால் இன்னொரு தொல்லை: எரிந்ததும் எரியாததும் வாய்க்காலில் இறங்கிப் பாலத்தடியை அடைத்து, தண்ணீர் தெருவுக்கு ஏறிவிடும்.

2024 ஜனவரியில் முதல் மனு கொடுத்தேன். வேலை முடிந்தது செப்டம்பரில். இதில் பாதிக்கு மேல் என் தவறால் போன காலம். அந்தத் தவறு எது என்பதைப் படி 2-ல் விரிவாகச் சொல்கிறேன். அவசரம் என்றால் நேராக அங்கே போய்விடுங்கள்.

பேரூராட்சி என்றால் என்ன, செயல் அலுவலர் யார் என்றெல்லாம் இங்கே விளக்கப் போவதில்லை. ஒன்று மட்டும்: உங்கள் வீட்டுவரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் பேரூராட்சி என்று இல்லாமல் ஊராட்சி என்று இருந்தால் உங்கள் வழி வேறு. உங்களுக்கு ஆண்டுக்கு 6 முறை கிராம சபை கூடுகிறது, எழுந்து நின்று கேட்கலாம். எங்களுக்குக் கிராம சபை இல்லை.

(சேர்த்தது, 2025: புதிய பேரூராட்சிகள், நகராட்சிகள் அமைப்பது பற்றியும் ஊராட்சிகளைப் பக்கத்து ஊரோடு இணைப்பது பற்றியும் இந்த ஆண்டுத் தொடக்கத்தில் அரசாணைகள் வந்தன. ஒரு வாசகரின் ஊர் அதில் மாட்டிக்கொண்டு, அவர் மனு பழைய முகவரிக்கும் புதிய முகவரிக்குமாக அலைந்தது. பழைய ரசீதை நம்பாதீர்கள், அலுவலகப் பலகையை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.)

படி 1: ஒரு வாரம் சும்மா பாருங்கள்

கோபத்தோடு அன்றைக்கே மனு எழுதாதீர்கள். குப்பை எந்த நேரத்தில் விழுகிறது, யார் போடுகிறார்கள், எப்போது எரிகிறது என்று ஒரு வாரம் கவனித்து நாள், நேரத்தோடு குறித்து வையுங்கள். பேட்டரி வண்டியில் வரும் தூய்மைப் பணியாளரிடம் பேசுங்கள். எங்கள் தெருவுக்கு வரும் அக்கா ஒரே நிமிடத்தில் விஷயத்தைச் சொல்லிவிட்டார்:

"காலையில ஆறரைக்கே வண்டி வந்துட்டுப் போயிடுதுங்க தம்பி. கடைக்காரங்க எட்டு மணிக்கு மேலதான் கடையே திறக்கறாங்க. அந்தக் குப்பை எங்க போகும், நீங்களே சொல்லுங்க."

அதுவரை 'குப்பை போடுபவர்கள் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும்' என்றுதான் எழுதுவதாக இருந்தேன். கேட்க வேண்டியது கடைகளுக்காக வண்டி இன்னொரு முறை வர வேண்டும் என்பது அப்போதுதான் புரிந்தது. நடவடிக்கை எடுங்கள் என்று எழுதினால் ஒரு எச்சரிக்கைப் பலகை வைத்துவிட்டு முடித்துவிடுவார்கள். பலகையின் கீழேயே குப்பை விழும்.

படங்கள் பற்றி: இடம், தேதி, நேரம் மூன்றையும் படத்தின் மேலேயே பதிக்கும் ஜி.பி.எஸ். கேமரா செயலி ஏதாவது ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள், இலவசமானதே போதும். ஒரே இடத்தில் நின்று வெவ்வேறு நாளில் மூன்று படம். தீ வைப்பவரின் முகம் வேண்டாம். பெரும்பாலும் அது வேறு யாரோ சொல்லிச் செய்கிற ஆளாக இருக்கும், மாட்டுவதும் அவர் மட்டும்தான். அப்புறம், கலரில் பிரிண்ட் எடுங்கள். கருப்பு வெள்ளை ஜெராக்ஸில் புகை தெரியவே தெரியாது, சாம்பல் நிறத்தில் ஒரு மரம்தான் இருக்கும். என் முதல் மனுவோடு போனது அப்படி ஒரு படம்.

படி 2: அந்த இடம் யாருடையது?

நான் விழுந்த குழி இதுதான். என் முதல் மனுவில் இரண்டு கோரிக்கைகள்: கரையில் குப்பை எரிப்பதை நிறுத்த வேண்டும், வாய்க்காலைத் தூர் வார வேண்டும். ஒரே இடம், ஒரே பிரச்சினை என்பது என் கணக்கு. ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. அந்த வாய்க்கால் பாசன வாய்க்கால், நீர்வளத் துறையின் பராமரிப்பில் உள்ளது, எனவே மனு முடித்து வைக்கப்படுகிறது என்று. சொன்னது உண்மைதான். ஆனால் குப்பை பற்றிய பாதியும் அதோடு சேர்ந்து முடித்து வைக்கப்பட்டுவிட்டது! ஒரு மனுவில் இரண்டு துறைக்கான வேலை இருந்தால் அப்படித்தான் ஆகும். 'எங்களுடையது அல்ல' என்று சொல்ல ஒரு வரி கிடைத்தால் போதும், மொத்தக் காகிதமும் கட்டுக்குள் போய்விடும்.

கண்ணால் பார்த்தே ஓரளவு ஊகிக்கலாம். தெருவோரம் கான்கிரீட்டில் கட்டிய சாக்கடை பெரும்பாலும் பேரூராட்சியுடையது. பேருந்து போகும் பெரிய சாலையின் ஓரம் என்றால் மைல்கல்லைப் பாருங்கள். தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. அந்தச் சாலையை ஒட்டிய வடிகாலுக்குப் பேரூராட்சியைக் கேட்டுப் பயன் குறைவு. வயலுக்குப் போகும் மண் வாய்க்கால், ஏரி, ஓடை என்றால் நீர்வளத் துறையா என்று முதலில் பாருங்கள். 2021-ல்தான் அது பொதுப்பணித் துறையிலிருந்து பிரிந்து தனித் துறையானது. ஊரில் இன்னும் 'பி.டபிள்யூ.டி. வாய்க்கால்' என்றுதான் சொல்வார்கள், அதைக் கேட்டுப் பழைய பெயருக்கு மனு எழுதிவிடாதீர்கள்.

உறுதியாகத் தெரிய வேண்டுமானால் அ-பதிவேடு பார்க்க வேண்டும். பட்டா, சிட்டா பார்க்கிற அதே வருவாய்த் துறை இணையதளத்தில் இருக்கிறது. மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் (சர்வே நம்பர்) கொடுத்தால் அந்த நிலம் பட்டா நிலமா, புறம்போக்கா, புறம்போக்கு என்றால் வாய்க்காலா பாதையா என்று காட்டும்.

இதில் இரண்டு சிக்கல். முதலாவது, கிராமப் பட்டியலில் எங்கள் ஊர்ப் பெயரே இல்லை. இணையதளம் பழுது என்று இரண்டு நாள் திட்டிக்கொண்டிருந்தேன். பேரூராட்சியின் பெயர் வேறு, வருவாய் கிராமத்தின் பெயர் வேறு. உங்கள் வீட்டுப் பத்திரத்தில் 'இன்ன கிராமம்' என்று எழுதியிருக்கிற பெயரைத்தான் பட்டியலில் தேட வேண்டும்.

இரண்டாவது, வாய்க்காலுக்குப் புல எண் எப்படித் தெரியும்? அதற்குப் பட்டாவும் கிடையாது, பத்திரமும் கிடையாது. ஒரு குறுக்கு வழி இருக்கிறது. வாய்க்காலை ஒட்டி யாருக்காவது நிலம் இருக்கும். அந்த நிலத்தின் புல எண்ணைக் கேட்டு வாங்கி, அதன் புலப்படத்தை அதே தளத்தில் இறக்கிப் பாருங்கள். வரைபடத்தின் எல்லைக்கோட்டுக்கு வெளியே சின்ன எழுத்தில் பக்கத்துப் புல எண்கள் போட்டிருக்கும். வாய்க்கால் இருக்கிற பக்கம் என்ன எண்ணோ, அதுதான் நமக்கு வேண்டியது. எங்கள் தெரு பால்காரர் வாய்க்காலோரம் மாட்டுத் தொழுவம் வைத்திருக்கிறார். அவர் பட்டா நகலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

(சேர்த்தது: சிலர் புல எண் போட்டால் ஒன்றும் வரவில்லை என்று எழுதியிருந்தார்கள். உங்கள் பகுதி நகர நிலஅளவைக்குள் வந்துவிட்டிருந்தால் பழைய எண் வேலை செய்யாது. வார்டு, பிளாக், நகரப் புல எண் என்று தனியாகக் கேட்கும். குழப்பமாக இருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு நடை போய்க் கேளுங்கள். இணையத்தில் மூன்று நாள் மல்லுக்கட்டுவதை விட அது சுலபம்.)

படி 3: ஒரு மனு, ஒரு கோரிக்கை, ஒரு பக்கம்

அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் பள்ளியில் படித்ததுதான். பெறுநர் 'செயல் அலுவலர்' என்று பதவியின் பெயரில் இருக்கட்டும். ஆள் மாறினாலும் மனு நிற்கும். என் இரண்டாவது மனுவின் உடல் பகுதி இவ்வளவுதான்:

"எங்கள் வார்டில் இன்ன தெருவின் கிழக்குக் கோடியில், வாய்க்கால் கரையில் குப்பை கொட்டி எரிக்கப்படுகிறது. எரிந்த நாட்களும் நேரமும் படங்களும் இணைப்பில் உள்ளன. காலை 6.30 மணிக்குக் குப்பை வண்டி வந்து சென்ற பிறகே கடைகள் திறப்பதால், கடைக் குப்பை இவ்விடத்தில் கொட்டப்படுகிறது. திடக்கழிவு மேலாண்மை விதிகளின்படி திறந்த வெளியில் குப்பையை எரிக்கக் கூடாது. எனவே கடைகளின் குப்பையைச் சேகரிக்க மாலையில் ஒரு முறை வண்டி அனுப்பி உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்."

சட்டம் பற்றி ஒரு வரி போதும். யூடியூப் பார்த்துவிட்டுப் பிரிவு எண்களாக அடுக்குகிறவர்களைப் பார்க்கிறேன். திறந்த வெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய் அபராதம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் உத்தரவிட்டிருக்கிறது, மொத்தமாக எரித்தால் 25,000. எனக்கும் அது தெரியும், ஆனால் மனுவில் எழுதவில்லை. முதல் மனுவிலேயே மிரட்டினால் எதிரே இருப்பவர் பதிலைத்தான் பார்த்துப் பார்த்து எழுதுவார், வேலையைச் செய்ய மாட்டார். முடிவாக எழுதுகிற மனுவுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

தூர் வாருவதற்குத் தனி மனு, நீர்வளத் துறைப் பிரிவு அலுவலகத்தின் உதவிப் பொறியாளருக்கு. அதில் குப்பை என்ற சொல்லே வரவில்லை. புல எண், பாலத்தடி அடைப்பு, மழைக்கு முன் தூர் வார வேண்டும், அவ்வளவுதான்.

படி 4: எண் இல்லாமல் திரும்பாதீர்கள்

இரண்டு நகல் எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றொன்றில் அலுவலக முத்திரை, தேதி, தபால் பதிவு எண் வாங்குங்கள். "வச்சுட்டுப் போங்க, பாத்துக்கறோம்" என்பார்கள். சிரித்தபடியே நின்றுகொண்டிருங்கள். எனக்கு இருபது நிமிடம் ஆனது.

வாங்க மறுத்தால் தபாலில் அனுப்பலாம். (சேர்த்தது: முன்பு பதிவுத் தபால், ஒப்புகை அட்டை என்று எழுதியிருந்தேன். 2025-ல் பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்ட்டோடு இணைத்துவிட்டார்கள். கவுன்ட்டரில் ஸ்பீட் போஸ்ட் என்று சொல்லி, சேர்ந்ததற்கான அத்தாட்சி வேண்டும் என்று தனியாகக் கேளுங்கள்.)

கவுன்சிலரிடமும் ஒரு நகல் கொடுங்கள். 2022 பிப்ரவரித் தேர்தலுக்குப் பிறகு வார்டுக்கு ஒருவர் இருக்கிறார். எங்கள் வார்டில் மாலை வண்டி கிடைத்ததற்கு என் மனுவை விட அவர் நேரில் போய்ப் பேசியதுதான் காரணம் என்று சந்தேகிக்கிறேன். ஆனால் பேசும்போது அவர் கையில் பதிவு எண் போட்ட காகிதம் இருந்தது.

படி 5: நகரவில்லை என்றால்

முதலமைச்சர் உதவி மைய எண்ணான 1100-க்கு அழைத்துப் பதிவு செய்யலாம், குறுஞ்செய்தியில் மனு எண் வரும். தெருவிளக்கு, குழாய் உடைப்பு மாதிரி ஒற்றை வேலைகளுக்கு இது எனக்குப் பிடிக்கும். கொஞ்சம் விளக்க வேண்டிய விஷயம் என்றால் காகிதம்தான் நல்லது. தொலைபேசியில் நாம் சொல்வது இரண்டு வரியாகச் சுருங்கி, அந்த இரண்டு வரிக்கு மட்டும் பதில் வரும்.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளும் உண்டு. சீக்கிரம் போங்கள், வாசலில் பையைச் சோதிப்பார்கள். தேர்தல் நடத்தை விதி இருக்கும்போது மட்டும் போகாதீர்கள். 2024 மார்ச் 16-ல் மக்களவைத் தேர்தல் அறிவிப்பு வந்தது, நான் போனது அதற்கடுத்த திங்கள். கூட்டம் இல்லை, வாசலில் ஒரு பெட்டி இருந்தது. மனுவை அதில் போட்டுவிட்டு வந்தேன். எண்ணும் இல்லை, ஒப்புகையும் இல்லை. ஜூன் வரை அப்படியே போனது.

கடைசியில் வாய்க்கால் மனுவை நகர்த்தியது தகவல் உரிமைச் சட்டம்தான். வெள்ளைத் தாளில் எழுதி, 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் முதல் மேல்முறையீடு. இங்கே புதியவர்கள் எல்லோரும் 'ஏன் தூர் வாரவில்லை?' என்று கேட்டுவிடுகிறார்கள். அது தகவல் இல்லை, கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. நகல் கேளுங்கள். நான் கேட்டது மூன்றே: இன்ன தேதியிட்ட என் மனு மீது எழுதப்பட்ட அலுவலகக் குறிப்பின் நகல், அந்த வாய்க்கால் கடைசியாகத் தூர் வாரப்பட்ட பணியின் மதிப்பீட்டு நகல், இந்த ஆண்டுக்கான தூர் வாரும் பணிப் பட்டியலின் நகல். ஜூலையில் அனுப்பினேன். பதில் வருவதற்கு முன்பே ஒருவர் டேப்போடு வந்து பாலத்தடியை அளந்துவிட்டுப் போனார்.

இப்போது மாலை ஐந்து மணிக்கு வண்டி வருகிறது. எரிப்பது நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன், மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை புகை வருகிறது. செப்டம்பர் முதல் வாரம் பொக்லைன் வந்து வாய்க்காலை வாரியது. வாரிய சேற்றைக் கரையிலேயே குவித்துவிட்டு ஒப்பந்தக்காரர் போய்விட்டார். அக்டோபரில் மழை பிடித்தால் எல்லாம் திரும்ப உள்ளேதான் இறங்கும். நேற்று அதற்கு ஒரு மனு எழுதினேன். ஒரு பக்கம், ஒரு கோரிக்கை, மூன்று கலர் படம். காலையில் கொடுத்து எண் வாங்கியாகிவிட்டது.