ஊருக்குப் போய் ரூம் போடும்போது

வெளிநாட்டிலிருந்து லீவில் ஊருக்குப் போகும் நம்மைப் போன்றவர்கள் ரூம் வாடகையில் காசு மிச்சம் பிடிக்கச் சில வழிகள். முதலில் ஒரு சொல் குழப்பம். தமிழ்நாட்டில் ஆட்டோக்காரரிடம் "நல்ல ஓட்டலுக்குப் போங்கண்ணே" என்றால் இட்லி கிடைக்கும் இடத்தில் இறக்கிவிடுவார். தங்குவதற்கு லாட்ஜ். "ரூம் போடணும்" என்றால் சரியாகப் புரிந்துகொள்வார். ஆனால் அவர் காட்டும் லாட்ஜில் அவருடைய கமிஷனும் உங்கள் வாடகையில் ஏறியிருக்கலாம். பெட்டிகளோடு ஒருவரை டீக்கடையில் உட்கார வைத்துவிட்டு இன்னொருவர் வெறுங்கையோடு போய் விசாரிப்பதுதான் எங்கள் வீட்டு வழக்கம். நாலு பெட்டியோடு நிற்பவரிடம் யாரும் வாடகையைக் குறைப்பதில்லை.

வாடகையைப் பற்றி எல்லோரும் கேட்கிறோம், கடிகாரத்தைப் பற்றிக் கேட்பதில்லை. என் அனுபவத்தில் பணம் போவது அங்கேதான். வெளிநாட்டு விமானங்கள் பலவும் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவில்தான் சென்னையில் இறங்குகின்றன. பகல் 12 மணி செக்-அவுட் உள்ள இடத்தில் அதிகாலை மூன்று மணிக்கு நுழைந்தால், ஒன்பது மணி நேரத் தூக்கத்துக்கு ஒரு நாள் வாடகை. மாலை வரை இருந்தால் இரண்டு நாள் கணக்கு. அதனால் '24 மணி நேர செக்-அவுட்' உள்ள லாட்ஜா, அதாவது நாம் நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரத்தை ஒரு நாளாகக் கணக்கிடும் லாட்ஜா என்று போனிலேயே கேளுங்கள். நம் ஊர்களில் அப்படிப்பட்டவை நிறைய உண்டு.

அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. திருச்சியில் ஒரு முறை காலையில் ரூம் போட்டு, மறுநாள் விடியற்காலை ஸ்ரீரங்கம் போய்விட்டு நிதானமாக ஏழேகாலுக்குத் திரும்பினோம். பில்லில் இரண்டு நாள் வாடகை. ரிசப்ஷனில் இருந்தவர் ஒன்றும் வாதாடவில்லை, லெட்ஜரை என் பக்கம் திருப்பினார். '6.05' என்று என் கையெழுத்திலேயே இருந்தது. அதற்கப்புறம் லெட்ஜரில் நேரம் எழுதும்போதே போனில் அலாரம் வைத்துவிடுகிறேன். எவ்வளவு நேரம் தாமதமானால் பொறுப்பார்கள் என்பதையும் அப்போதே கேட்டுவிடுகிறேன்.

அடுத்தது காலண்டர். முகூர்த்த நாளில் கல்யாண வீட்டார் இருபது ரூமை மொத்தமாகப் பிடித்துவிடுவார்கள், மிச்சமிருப்பதற்கு சொன்னதுதான் விலை. தேதி முடிவு செய்யும் முன் தினசரி காலண்டரை ஒரு புரட்டு புரட்டுங்கள். ஆடியில் கல்யாணம் கிடையாது. ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை வரும் அந்த மாதம் ஐரோப்பா, கனடா பள்ளி விடுமுறையோடு ஒத்துப்போகிறது, பேரம் பேச அதுதான் நல்ல காலம். ஆடி அமாவாசைக்கு மட்டும் இராமேஸ்வரம் பக்கம் போகாதீர்கள். மார்கழியிலும் கல்யாணம் இல்லைதான், ஆனால் சென்னையில் கச்சேரி சீசன், ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசி, போதாக்குறைக்கு நம்மைப் போலவே டிசம்பர் லீவில் வந்திறங்கும் கூட்டம். திருவண்ணாமலை என்றால் பௌர்ணமியைத் தவிர்த்தால் போதும்.

கொஞ்சம் வசதியான ஓட்டலில் தங்குபவர்கள் 7,500 என்ற எண்ணை நினைவில் வையுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் போனால் 18. ஆக, 7,800 ரூபாய் அறைக்கு வரியோடு 9,204. அதையே பேசி 7,500-க்கு இறக்கினால் 7,875. முன்னூறு ரூபாய்க்குப் பேசிய பேச்சு 1,329 ரூபாய் மிச்சமாகிறது! பல இணையதளங்கள் வரியைக் கடைசிப் பக்கத்தில்தான் காட்டும். அங்கே விலையைப் பார்த்துக்கொண்டு ஓட்டலுக்கே நேராகப் போன் போடுங்கள். தளத்துக்குப் போகும் கமிஷனில் கொஞ்சம் குறைக்கச் சொல்லலாம், குறைக்கமாட்டேன் என்றால் காலை டிபனையாவது சேர்த்துக் கேட்கலாம். சும்மா கிடைத்தால் சரி, ஆனால் டிபனுக்குத் தனியாக ஐநூறு கேட்டால் தெருமுனையில் பொங்கல் சாப்பிடுவதே மேல்.

கையில் வெளிநாட்டு பாஸ்போர்ட் இருந்தால் இன்னொரு விஷயம். வெளிநாட்டவர் தங்கினால் லாட்ஜ்காரர்கள் அவர்களுடைய விவரங்களை 24 மணி நேரத்துக்குள் அரசின் இணையதளத்தில் ஏற்றவேண்டும். அந்தத் தொல்லைக்குப் பயந்து சின்ன லாட்ஜ்கள் சில, தமிழிலேயே பேசினாலும், "ரூம் இல்லை சார்" என்றுவிடும். இரவு பதினொரு மணிக்கு அதைக் கேட்டால் கிடைத்த இடத்தில் கேட்ட காசைக் கொடுக்கவேண்டி வரும். வெளிநாட்டு பாஸ்போர்ட் என்பதை முன்பே சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள். பாஸ்போர்ட், விசா அல்லது ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) நகல்களைக் கையில் வைத்திருங்கள்.

ரயிலில் சுற்றுபவர்களுக்குப் பெரிய நிலையங்களில் ஓய்வறைகள் உண்டு. உறுதியான டிக்கெட் இருந்தால் முன்பதிவு செய்யலாம். பழனி, திருச்செந்தூர் போன்ற ஊர்களில் கோயில் விடுதிகளையும் பாருங்கள்.

கார்டு தேய்க்கும்போது மிஷின் "உங்கள் நாட்டுப் பணமா, ரூபாயா" என்று கேட்டால் ரூபாயையே அழுத்துங்கள். சேவைக் கட்டணம் என்று பில்லில் தானாகச் சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லலாம், அது கட்டாயமில்லை என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது. வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கும் லாட்ஜ் என்றால் அந்த ரசீதைப் போனில் படம் எடுத்து வையுங்கள். காலி செய்யும்போது ரூம் பாய் துண்டையும் ரிமோட்டையும் எண்ணிவிட்டு வந்த பிறகுதான் பணம் திரும்ப வரும், பஸ் நேரத்தில் அதற்கும் ஒரு கால் மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.