முதல் எலக்ட்ரிக் கிட்டார்: பாடியைச் செய்யுங்கள், நெக்கை வாங்கிவிடுங்கள்

எலக்ட்ரிக் கிட்டாரில் அளவு பிசகினால் வாசிக்கவே முடியாமல் போகும் இடங்கள் மூன்றுதான்: ஃப்ரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்) இடைவெளி, நெக் (கிட்டாரின் கழுத்து) உட்காரும் குழி, பிரிட்ஜ் (பாடியில் ஸ்ட்ரிங்கைத் தாங்கும் பாகம்) வைக்கும் இடம். மற்ற எதில் கோணல் வந்தாலும் பார்க்கத்தான் சுமாராக இருக்கும், சுருதி கெடாது. தச்சுக் கணக்கில் ஒரு நூல் என்பது மூன்று மி.மீ. சொச்சம். இந்த மூன்று இடங்களிலும் அரை மி.மீ.யே பெரிய விஷயம்.

இதில் ஃப்ரெட் தலைவலியைக் காசு கொடுத்துத் தீர்த்துவிடலாம். 648 மி.மீ. ஸ்கேலில் (ஸ்ட்ரிங் அதிரும் நீளம்) முதல் ஃப்ரெட், நெக்கின் தலைப்பக்கம் ஸ்ட்ரிங் உட்காரும் நட்டிலிருந்து 36.37 மி.மீ. தள்ளி வரும். மேலே 21-க்கும் 22-க்கும் இடையில் 11 மி.மீ. கூட இருக்காது. அங்கே ஒரு மி.மீ. தவறினால் காதுக்கே தெரியும். அதனால் ஃப்ரெட் அடித்து, ட்ரஸ் ராட் (நெக்கின் வளைவைச் சரிசெய்யும் உள்கம்பி) போட்ட ரெடிமேட் நெக் ஒன்றை வாங்கிக்கொண்டு, பாடியை மட்டும் செய்யுங்கள். வடிவத்துக்கு டெலிகாஸ்டர்தான் சரி. 1950-ல் ஃபெண்டர் கொண்டுவந்த அமைப்பு அது: தட்டையான பலகை, நாலு ஸ்க்ரூவில் நிற்கும் நெக், வளைத்துச் செதுக்க வேண்டிய இடம் எதுவும் இல்லை.

நெக், பிரிட்ஜ், பிக்கப் (ஸ்ட்ரிங் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்), கண்ட்ரோல் பிளேட் (ஸ்விட்சும் குமிழ்களும் நிற்கும் தகடு) எல்லாம் கைக்கு வந்த பிறகே மரத்தைத் தொடுங்கள். வரைபடத்தில் இருக்கும் அளவும் வாங்கிய பாகத்தின் அளவும் பல நேரம் ஒத்துப்போகாது.

மரம்

முடிந்த பாடி ஏறக்குறைய 400 × 325 மி.மீ., கனம் 45 மி.மீ. இதற்கு 450 நீளம், 180 அகலம், 50 கனத்தில் இரண்டு துண்டு வாங்கி நடுவில் ஒட்டுங்கள். ஒட்டு சரியாக நடுவில் வந்தால் அதுவே மையக்கோடு.

மகோகனி கிடைத்தால் யோசிக்க வேண்டாம். தேக்கு அழகுதான், ஆனால் கனம்: இந்த அளவுக்கு மூன்று கிலோவை நெருங்கிவிடும். அதில் எண்ணெய்ப் பசையும் உண்டு, ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோனில் துடைக்காவிட்டால் ஒட்டு விடும். வீணைக்கும் மிருதங்கத்துக்கும் போகிற பலாவையும் எடுக்கலாம், நன்றாகக் காய்ந்திருந்தால். காய்ந்ததா என்று பார்க்கச் சுலபமான வழி: வாரம் ஒரு முறை எடை போடுங்கள். மூன்று வாரம் எடை மாறாமல் இருந்தால் வேலையைத் தொடங்கலாம். ஈர மரத்தில் வெட்டிய நெக் குழி, மரம் காயக் காயச் சுருங்கி, கோணிக்கொள்ளும்.

ஒட்டும் விளிம்புகளை இழைத்து, ஒன்றின் மேல் ஒன்று நிறுத்தி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். வெளிச்சம் கசிந்தால் இன்னும் இழைக்க வேண்டும். கிளாம்ப் இறுக்கி இடைவெளியை மூடப் பார்க்காதீர்கள், இரண்டு மழைக்காலம் தாண்டாது. பசை தடவி, மூன்று நாலு கிளாம்ப் போட்டு, ஒரு நாள் விடுங்கள். காய்ந்ததும் 45 மி.மீ.க்கு இழைத்துச் சமன் செய்யுங்கள்.

டெம்ப்ளேட்டும் ரவுட்டரும்

ரவுட்டரை (சுழலும் பிட்டால் மரத்தைக் குடையும் மெஷின்) கையோட்டமாக ஓட்டக் கூடாது. 12 மி.மீ. எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகையில் பாடி வடிவத்தை வெட்டி, உப்புத்தாளால் நெளிவு சுளிவைச் சீராக்குங்கள். இந்த அச்சில், அதாவது டெம்ப்ளேட்டில், இருக்கும் ஒவ்வொரு பள்ளமும் அப்படியே மரத்தில் பதியும், அதனால் இதற்கு ஒரு நாள் முழுக்கப் போனாலும் போகட்டும்.

ஜிக்சாவால் கோட்டுக்கு வெளியே 2 மி.மீ. விட்டு மரத்தை அறுங்கள். பிறகு டெம்ப்ளேட்டை டபுள் டேப்பில் ஒட்டி, பேரிங் வைத்த பிட்டால் சுற்றுங்கள். ஒரு தடவைக்கு 4 மி.மீ. ஆழம் போதும். வெளி விளிம்பில் கடிகாரத்துக்கு எதிர்த்திசையிலும், உள்குழிகளில் கடிகாரத் திசையிலும் ஓட்ட வேண்டும். மாற்றி ஓட்டினால் மெஷின் கையை மீறி ஓடும். கொம்பு முனையிலும் இடுப்பு வளைவிலும் நார் எதிராகத் திரும்பும். விரல் நீளச் சில்லு பெயர்ந்து பறப்பது பெரும்பாலும் இங்கேதான். அந்த இடங்களில் ஒரு மி.மீ.க்கும் குறைவாகச் சுரண்டி எடுங்கள், மீதியை உப்புத்தாள் பார்த்துக்கொள்ளும். பிட் மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். மாஸ்க் கட்டாயம்.

நெக் குழி

அவசரப்பட்டால் கெடுவது இந்த வேலைதான். வழக்கமான ஆழம் 16 மி.மீ. ஆனால் அதை நம்பி இறங்காமல், உங்கள் நெக்கின் அடிக்கனத்தை அளந்து அதிலிருந்து 9.5 மி.மீ. கழியுங்கள். குழி ஆழமாகிவிட்டால் நெக் தாழ்ந்துவிடும். சேடிலை (பிரிட்ஜில் ஸ்ட்ரிங் உட்காரும் சிறு துண்டு) அடிவரை இறக்கினாலும் ஸ்ட்ரிங் உயரத்திலேயே நிற்கும். ஆழம் குறைந்தால் இதற்கு நேர்மாறு.

அகலத்துக்குப் பொது டெம்ப்ளேட் வேண்டாம். நெக்கை மையக்கோட்டில் வைத்து, இரு பக்கமும் நேரான எம்.டி.எஃப். பட்டையை அணைத்து ஒட்டி, அதையே டெம்ப்ளேட்டாக்குங்கள். பெரும்பகுதி மரத்தை ஃபோர்ஸ்ட்னர் பிட்டால் (தட்டையான அடியோடு அகலத் துளை போடும் ட்ரில் பிட்) குடைந்துவிட்டு ரவுட்டரை இறக்கினால் மெஷின் திணறாது. மூலைகளை உளியால் சுத்தம் செய்யுங்கள். ஸ்க்ரூ போடாமல் நெக்கைப் பிடித்துத் தூக்கினால் பாடி கூடவே வர வேண்டும். அந்தப் பிடிமானம்தான் அளவு. ஆனால் பெயிண்ட் அடிப்பதாக இருந்தால் அதன் கனத்துக்கு ஒரு துளி இடம் விடுங்கள், இல்லாவிட்டால் குழியின் ஓரத்தில் பெயிண்ட் வெடிக்கும்.

பாடியில் போடும் துளை ஸ்க்ரூவைவிடக் கொஞ்சம் பெரிதாக, 4.5 மி.மீ. இருக்கட்டும். நெக்கில் 3.2 மி.மீ. துளை. பாடித் துளையிலும் மரை பிடித்தால், எவ்வளவு முறுக்கினாலும் நெக் குழியின் அடியில் படியாமல் இடைவெளியோடு நிற்கும். ட்ரில் பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், ஃப்ரெட்போர்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தவர்கள் உண்டு. ஸ்க்ரூவில் மெழுகு தடவி ஏற்றுங்கள்.

பிரிட்ஜ்

நட்டிலிருந்து 12-ம் ஃப்ரெட் வரை அளந்து இரட்டியுங்கள். முதல் (மிக மெல்லிய) ஸ்ட்ரிங்கின் சேடில் அந்தத் தூரத்தில் வர வேண்டும், அப்போது அந்த சேடில் முன்பக்க எல்லையை ஒட்டி இருக்கட்டும். காரணம், சுருதி சேர்க்கும்போது சேடில்கள் பின்னால்தான் போகும். ஆறாவது ஸ்ட்ரிங் மூன்று நாலு மி.மீ. பின்வாங்கும்.

துளை போடுவதற்கு முன் நட்டிலிருந்து சேடில் வரை இரண்டு ஓரத்திலும் நைலான் நூல் கட்டிப் பாருங்கள். ஃப்ரெட்போர்டின் இரு விளிம்பிலும் ஒரே இடைவெளி தெரிய வேண்டும். ஒரு பக்கம் நெருங்கினால் பிரிட்ஜை நகர்த்துங்கள். ஸ்ட்ரிங் பாடிக்குள் புகுந்து வரும் பிரிட்ஜுக்கு ஆறு துளையும் நேராக இறங்க வேண்டும், கை ட்ரில்லில் அது நடக்காது. பின்விளிம்பிலேயே ஸ்ட்ரிங் மாட்டும் வகையை வாங்குங்கள்.

பிரிட்ஜ் இடம் உறுதியான பிறகே பிக்கப் குழிகள். அவற்றுக்கு 18 மி.மீ. ஆழம். ஸ்விட்ச் உட்காரும் கண்ட்ரோல் குழிக்கு 38. அதற்குக் கீழே 7 மி.மீ.தான் மிச்சம், அடியை மறக்காதீர்கள். நெக் பிக்கப்பின் வயர் போக, நெக் குழி வழியாக நீள பிட்டைச் சாய்த்து விட்டு ஓட்டை போடுங்கள்.

பூச்சும் வயரிங்கும்

80-ல் தொடங்கி 120, 180, 220, 320 என்று உப்புத்தாள். முதல் தடவைக்குத் துணியில் தடவும் பாலியூரித்தேன் போதும். மழை நாளில் லாக்கர் அடித்தால் ஈரத்தை வாங்கி வெள்ளைப் படலம் கட்டும்.

சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப்புக்கு 250கே பொட்டென்ஷியோமீட்டர் (ஒலியளவு, டோன் குமிழ்களின் அடியில் இருப்பது), ஹம்பக்கருக்கு (இரட்டைச் சுருள் பிக்கப்) 500கே. டோனுக்கு 0.022 அல்லது 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். பொட்டென்ஷியோமீட்டரின் முதுகை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, 40 வாட்டுக்கு மேற்பட்ட அயர்னால் சட்டென்று சால்டர் வையுங்கள். 25 வாட் அயர்னை நெடுநேரம் வைத்துக்கொண்டிருந்தால் உள்ளே இருப்பது வெந்துவிடும். பிரிட்ஜ் அடியில் தோல் உரித்த எர்த் வயர் ஒன்று அழுந்தி இருக்க வேண்டும். வாசிக்கும்போது ஸ்ட்ரிங்கைத் தொட்டும் இரைச்சல் குறையாமல், ஜாக்கைத் தொட்டால் மட்டும் குறைந்தால், கோளாறு அந்த வயரில்தான்.

செட்டிங்

09-42 ஸ்ட்ரிங் (மெல்லியது 0.009, தடித்தது 0.042 அங்குலம்) போட்டு சுருதி ஏற்றி, ஒரு நாள் விடுங்கள். முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்திக்கொண்டு, 8-ம் ஃப்ரெட்டில் 0.2 மி.மீ. இடைவெளி வரும்வரை ட்ரஸ் ராடைக் கால் கால் சுற்றாகத் திருப்புங்கள். பிறகு 12-ம் ஃப்ரெட்டில் உயரம்: முதல் ஸ்ட்ரிங்குக்கு 1.6, ஆறாவதுக்கு 2 மி.மீ. கடைசியாக, 12-ல் ஹார்மோனிக்கையும் (ஸ்ட்ரிங்கை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஸ்வரம்) அழுத்திய ஸ்வரத்தையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்தியது ஏறி நின்றால் சேடிலைப் பின்னால் தள்ளுங்கள், இறங்கி நின்றால் முன்னால் இழுங்கள். ஒவ்வொரு முறை நகர்த்திய பிறகும் ஸ்ட்ரிங்கை மறுபடி சுருதி சேர்த்துவிட்டே பாருங்கள். ஒரு வாரம் கழித்து நெக் ஸ்க்ரூ நாலையும் இன்னொரு முறை முறுக்கிப் பார்த்து, ட்ரஸ் ராடையும் சரிபாருங்கள்.