முழங்கை முதல் விரல் நுனி வரை: உங்கள் கையிலேயே தமனிகளைத் தேடும் முறை

முன்கைக்கும் உள்ளங்கைக்கும் இரத்தம் வந்து சேரும் வழியைப் பாடநூல் படத்தில் மட்டும் பார்ப்பவர்களுக்கு, அது பின்னிக் கிடக்கும் சிவப்புக் கோடுகளாகவே தோன்றும். தேர்வு முடிந்த மறுநாள் மறந்தும் போகும். அதே வழியைத் தம் கையில் விரல் வைத்துத் தேடிப் போனவர்களுக்கு அது எளிதில் மறப்பதில்லை. இதற்கு ஒரு பேனாவும், விநாடி முள் உள்ள கடிகாரமும், கையை வைக்க ஒரு மேசையும் போதும். டயாலிசிஸுக்காகக் கையில் ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் இணைத்துச் செய்த வழி) வைத்திருப்பவர்களும், அண்மையில் மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோகிராம் செய்துகொண்டவர்களும் அந்தக் கையில் இதைச் செய்ய வேண்டாம்.

தொடங்கும் முன் இரண்டு விதிகளை நினைவில் கொள்ளுங்கள். ஒன்று, ரேடியல் என்றால் கட்டைவிரல் பக்கம், அல்னார் என்றால் சுண்டுவிரல் பக்கம். இடம், வலம் என்று மனப்பாடம் செய்தால் மறு கைக்குப் போகும்போது எல்லாம் தலைகீழாகிவிடும். மற்றொன்று, துடிப்பைத் தேடுவதற்கு ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மட்டுமே பயன்படுத்துங்கள். கட்டைவிரலுக்கென்றே ஒரு தமனி இருப்பதால், அதன் துடிப்பை எதிர்க்கையின் துடிப்பு என்று எண்ணி ஏமாற வாய்ப்புண்டு.

படி 1: முழங்கை மடிப்பு

உள்ளங்கை மேல்நோக்கி இருக்கும்படி இடக்கையை மேசைமேல் வைத்து, முழங்கையைச் சற்றே மடக்குங்கள். மடிப்பின் நடுவில் கயிறு போல் விறைத்து நிற்பது பைசெப்ஸ் தசையின் தசைநாண், அதாவது தசையை எலும்போடு இணைக்கும் நார். அதற்குச் சுண்டுவிரல் பக்கமாக, ஒட்டினாற்போல் விரல்களை வைத்து, இப்போது கையை நீட்டியபடி சற்று ஆழமாக அழுத்தினால், மேற்கையின் முதன்மைத் தமனியான பிரேக்கியல் தமனியின் துடிப்பு கிடைக்கும். இரத்த அழுத்தம் பார்க்கும்போது ஸ்டெதஸ்கோப்பை வைக்கும் இடமும் இதுவே. கிடைத்த இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள்.

படி 2: பிரிவு

அந்தப் புள்ளிக்குக் கீழே, மடிப்பிலிருந்து ஏறத்தாழ 1 செ.மீ. தள்ளி, முன்கையின் கட்டைவிரல் பக்க எலும்பான ரேடியஸின் கழுத்து மட்டத்தில் பிரேக்கியல் தமனி ரேடியல், அல்னார் என இரண்டாகப் பிரிகிறது. பெரும்பாலோருக்கு இரண்டில் பெரியது அல்னார் தமனிதான். அது பிரிந்ததும் தசைகளுக்கு அடியில் ஆழமாகப் புகுந்துவிடுவதாலும், ரேடியல் தமனியைப் பிரேக்கியோரேடியாலிஸ் தசை மறைப்பதாலும், முன்கையின் மேற்பாதியில் இவ்விரண்டின் துடிப்பையும் தேடிப் பயனில்லை. புகும் வழியிலேயே அல்னார் தமனி தரும் ஒரு குட்டையான கிளை, இரு எலும்புகளையும் இணைக்கும் சவ்வின் முன்னும் பின்னும் இரண்டாக இறங்கி, ஆழத்திலுள்ள தசைகளுக்கும் முன்கையின் பின்புறத்துக்கும் இரத்தம் கொடுக்கிறது.

படி 3: மணிக்கட்டின் இரு பக்கங்கள்

மணிக்கட்டை லேசாக மடக்கினால் நடுவிலும் கட்டைவிரல் பக்கமாகவும் தசைநாண்கள் எழும்பி நிற்கும். கட்டைவிரல் பக்கத்துத் தசைநாணுக்கும் எலும்பின் வெளி விளிம்புக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் ரேடியல் தமனி உடனே அகப்படும். சித்த மருத்துவர்கள் மூன்று விரல்களை வைத்து வாதம், பித்தம், கபம் என்று நாடி பார்ப்பதும் இந்தத் தமனியில்தான். அல்னாரைவிடச் சிறியதாக இருந்தும் இதற்கு இத்தனை புகழ் கிடைத்ததற்குக் காரணம், இங்கே இது தோலுக்கு மிக அருகில், தட்டையான எலும்பின்மேல் ஓடுகிறது என்பதே. அழுத்தினால் நழுவ இடமில்லை.

அல்னார் தமனியைத் தேடப் பொறுமை வேண்டும். உள்ளங்கையின் அடியில், சுண்டுவிரல் பக்கம், பட்டாணி அளவில் ஒரு எலும்பு தட்டுப்படும். அதற்குச் சற்று மேலே, சுண்டுவிரல் பக்கத்துத் தசைநாணின் கட்டைவிரலை நோக்கிய ஓரத்தில் மென்மையாக அழுத்துங்கள். நான் முதலில் தேடியபோது நீண்ட நேரம் எதுவும் கிடைக்கவில்லை. அழுத்தத்தைக் குறைத்த பிறகுதான் துடிப்பு தெரிந்தது.

படி 4: பலரும் தவறவிடும் இடம்

ரேடியல் தமனி நேராக உள்ளங்கைக்குள் போவதில்லை. கட்டைவிரலை நன்றாக விரித்து உயர்த்தினால், அதன் அடியில் புறங்கைப் பக்கம் இரண்டு தசைநாண்களுக்கு இடையே ஒரு குழி தோன்றும். அந்தக் குழிக்குள் விரலை வைத்துவிட்டுக் கட்டைவிரலைத் தளர்த்தினால், ரேடியல் தமனி புறங்கையை நோக்கி வளைந்து செல்வதை உணரலாம். அங்கிருந்து முதல் இரண்டு விரல்களின் எலும்புகளுக்கு நடுவிலுள்ள தசையைத் துளைத்துக்கொண்டு அது உள்ளங்கையின் ஆழத்துக்கு வந்து சேர்கிறது.

படி 5: இரண்டு வளைவுகள்

கட்டைவிரலை முழுதும் நீட்டி, மற்ற விரல்களை நோக்கிய அதன் விளிம்பின் நேரே உள்ளங்கையின் குறுக்கே ஒரு கோடு வரையுங்கள். ஏறத்தாழ இந்த மட்டத்தில் இருப்பது மேலோட்டமான வளைவு. இதை முதன்மையாக உருவாக்குவது அல்னார். அதற்கு 1 செ.மீ. அளவு மணிக்கட்டுப் பக்கமாக இரண்டாவது கோட்டை வரையுங்கள். அது ஆழமான வளைவு, இதில் ரேடியலுக்கே பெரும்பங்கு. மேலோட்டமான வளைவிலிருந்து கிளம்பும் தமனிகள் விரலிடுக்குகளில் பிரிந்து, ஒவ்வொரு விரலின் இரு ஓரங்களிலும் ஓடுகின்றன. ஒரு பக்கத் தமனி அடைபட்டாலும் மறுபக்கத்திலிருந்து இரத்தம் வருவதற்கு இந்த வளைவுகளே வழி. ஆனால் எல்லாருக்கும் இவை முழுமையாக இணைந்திருப்பதில்லை.

படி 6: வழி திறந்திருக்கிறதா?

இதை அறிய அமெரிக்க மருத்துவர் எட்கர் ஆலன் 1929இல் விவரித்த சோதனையின் திருத்திய வடிவம் இன்றும் பயன்படுகிறது. நண்பர் ஒருவரின் கையில் செய்வது எளிது. அவரை இறுக்கமாக முஷ்டி பிடிக்கச் சொல்லி, மணிக்கட்டில் இரு தமனிகளையும் அழுத்துங்கள். முஷ்டியைத் திறந்ததும் உள்ளங்கை வெளிறியிருக்கும். விரல்களை விறைப்பாக நீட்ட விடாதீர்கள். அந்த இழுவையாலேயே வெளிறல் நீடித்து, தவறான முடிவு கிடைக்கும். இப்போது ரேடியலை அழுத்தியபடியே அல்னாரை மட்டும் விடுவித்து, கடிகாரத்தைப் பாருங்கள். 7 விநாடிக்குள் சிவப்பு திரும்பினால் இயல்பு என்றும், 15 விநாடி கடந்தும் திரும்பாவிட்டால் அல்னார் வழி போதாது என்றும் பொதுவாகக் கொள்வார்கள். நிறத்தை உள்ளங்கையிலும் நகத்தின் அடியிலும் பாருங்கள். புறங்கைத் தோலின் நிறம் இதற்கு உதவாது.

அதே கையில் மறுபடியும் செய்து, இம்முறை அல்னாரை அழுத்திக்கொண்டு ரேடியலை விடுவியுங்கள். இரண்டு நேரங்களையும் எழுதி வைத்து, மறு கையிலும் பாருங்கள். ஒரே மனிதரின் இரு கைகளுக்கும் இடையிலேகூட வேறுபாடு தெரியலாம்.